மூக்கு மெக்கானிக்கும் ஜூலியா மிஸ்ஸின் டேங்கும்

பெங்களூர் நீலசந்திராவில் பெருமாள்சாமியின் ஷெட்டைத் தேடி வருகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. "மூக்கு மெக்கானிக் எங்கே?" என்றுதான் கேட்பார்கள். கறிக்கடையில் கேட்டாலும் ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டாலும் கை ஒரே சந்துப் பக்கம் நீளும்.

பெயர் சும்மா வரவில்லை. பத்தொன்பது வயதில் ஒரு பெட்ரோல் பங்கில் குழாய் பிடிக்கப் போனார். ஆறு வருஷம் கழித்து அங்கிருந்து வெளியே வந்தபோது கையில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் மூக்கு நன்றாகப் படித்திருந்தது. பானெட்டைத் திறக்காமலே கூலண்ட் ஒழுகுகிறது என்பார், கிளட்ச் தேய்ந்துவிட்டது என்பார். மச்சினி கல்யாணத்தில் பந்தி நடுவே இலையை விட்டு எழுந்து சமையல்கட்டுக்குப் போய் ஒரு சிலிண்டரை மூடிவிட்டு வந்து, மறுபடி உட்கார்ந்து பாயசம் கேட்டார். கேஸ் கசிந்தது சமையல்காரருக்கே அப்போதுதான் தெரிந்தது. சிவாஜிநகர் பஸ்ஸில் நின்றபடியே, "டிரைவர் சார், பின்னாடி பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுது" என்று சொல்லி வண்டியை ஓரங்கட்ட வைத்த கதையை அந்தச் சந்தில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள்.

அந்த மூக்கு கொரோனா இரண்டாவது அலையில் போய்விட்டது. பன்னிரண்டு நாள் காய்ச்சல். காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, நாக்கில் ருசிகூட அரைகுறையாகத் திரும்பியது. மூக்கு மட்டும் வரவில்லை. "வரும், பொறுங்க" என்றார் டாக்டர். பெருமாள்சாமி நான்கு வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

விஷயம் தெரிந்தவர் ஒரே ஒருவர், மனைவி யசோதா. அவர் முதல் மாதம் அழுதார். இரண்டாவது மாதம் கருவாடு வாங்கினார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் கருவாடு நுழைந்ததில்லை; வாசல்படியிலேயே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார் பெருமாள்சாமி. இப்போது வாரத்தில் மூன்று நாள் கருவாட்டுக் குழம்பு. மதியச் சாப்பாட்டு டப்பாவிலும் அதுதான்.

"கடவுள் ஒரு கதவை மூடினா யசோதா ஒரு டப்பாவைத் திறப்பா" என்று சாப்பிட்டுக்கொண்டே முணுமுணுப்பார்.

வெளியே சொல்ல முடியாது. மூக்கு மெக்கானிக்குக்கு மூக்கு இல்லை என்று தெரிந்தால் அந்தச் சந்துக்குள் ஒரு ஸ்கூட்டர்கூடத் திரும்பாது. ஐம்பத்தாறு வயதில் வேறு எந்தத் தொழிலுக்குப் போவது? அதற்காக பெட்ரோலோடு விளையாடவும் முடியாது. ஆகவே சில ஏற்பாடுகள் செய்துகொண்டார்.

முதலாவது, வண்டிக்காரரையே முகரச் சொல்வது. "நான் முகர்ந்தா எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிய வேணாமா? கண்ணை மூடி நல்லா இழுங்க. கசப்பா இருக்கா, இனிப்பா இருக்கா?" என்பார். வைத்தியரிடம் நாக்கை நீட்டுவதுபோல ஜனங்கள் பானெட்டுக்குள் மூக்கை நீட்டினார்கள். இது ஏதோ புது முறை என்று நினைத்தார்கள். சிலருக்குப் பெருமையாகவும் இருந்தது.

இரண்டாவது ஏற்பாடு நாகேஷ். பக்கத்து ஷெட்டில் டிங்கரிங், பெயிண்டிங் செய்கிறவன். கன்னடக்காரன், ஆனால் நீலசந்திராவில் பிறந்ததால் தமிழில்தான் சண்டை போடுவான். அவன் முகம்தான் பெருமாள்சாமிக்கு மீட்டர். நாகேஷ் மூக்கைச் சுளித்தால் இவர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து, நிற்கிற எல்லா வண்டிக்கும் கீழே குனிந்து பார்த்துவிடுவார்.

மூன்றாவது, கோலமாவு. யசோதாவின் சமையலறையிலிருந்து ஒரு டப்பா வந்து ஷெட்டில் குடியேறிவிட்டது. சந்தேகம் வந்த இடத்தில் தூவிவிட்டுக் காத்திருந்தால் போதும். ஈரம் எங்கே வருகிறதோ அங்கே வெள்ளை கறுக்கும். மூக்கு இருந்த நாட்களில் இந்த வேலையெல்லாம் பச்சைப் பிள்ளைகளுக்கு என்று சிரித்திருப்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்புக்குள், ஒரு ஜூலை மாதத் திங்கட்கிழமை காலை, மழை விட்ட நேரத்தில், பிரேசர் டவுன் ஜூலியா மிஸ் தன் காரை ஓட்டிக்கொண்டு வந்தார்.

மிஸ்ஸுக்கு எழுபத்தொரு வயது. கோலார் தங்கவயலில் பிறந்தவர், அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். முப்பத்தைந்து வருஷம் பெங்களூரில் கணக்கு டீச்சர். கணவர் போய் ஒன்பது வருஷம். காருக்கு இருபத்தெட்டு வயது, ஒரு காலத்தில் சிவப்பு. இரண்டையுமே பார்த்தால் அந்த வயது தெரியாது என்பது மிஸ்ஸின் கருத்து.

"பெருமாள்சாமி, வண்டிக்குள்ள பெட்ரோல் வாசனை. ரெண்டு பெரிய சர்வீஸ் சென்டர்ல காட்டிட்டேன். ஒருத்தன் வாசனையே இல்லைங்கறான். இன்னொருத்தன் வயசானா அப்படித் தோணும்ங்கறான். பில்லுல கூட்டல் தப்பாப் போட்டவன் அவன்தான்."

"தோணறதுக்கு நீங்க என்ன மிஸ், சின்னப் பிள்ளையா?"

"ஜெனிஃபர் சனிக்கிழமை வர்றா. அதுக்குள்ள வாசனை நிக்கலைன்னா வண்டியை அன்னைக்கே பழைய இரும்புக்குப் போட்டுடுவாளாம். ஆளையும் பேசி வெச்சுட்டா." ஜெனிஃபர் மிஸ்ஸின் ஒரே மகள். ஒயிட்ஃபீல்டில் இருக்கிறாள். "நீங்க முகர்ந்து சொன்னாதான் நம்புவேன்னு சொல்லிட்டா. உங்க மூக்கு அவ ஆபீஸ் வரைக்கும் ஃபேமஸ்."

பெருமாள்சாமி பயத்தை முகத்தில் காட்டாமல் வழக்கமான வசனத்தை எடுத்தார். "முதல்ல நீங்க சொல்லுங்க மிஸ். வாசனை எப்போ ஜாஸ்தி?"

"வியாழன், வெள்ளி. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறப்போ ஒண்ணும் இல்ல."

"கிழமை பாத்து லீக் ஆகற வண்டியை நான் இப்பதான் பாக்கறேன்."

வண்டியை ஏற்றி அடியில் படுத்துப் பார்த்தார். டேங்கின் வெளிப்பக்கம் காய்ந்திருந்தது. பம்பிலிருந்து வரும் குழாய் காய்ந்திருந்தது. தூவிய கோலமாவு வெள்ளை மாறாமல் இருந்தது. சர்வீஸ் சென்டர்காரர்களைக் குறை சொல்ல முடியாதுதான். எழுந்து உள்ளே எட்டி பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். கால் டேங்க்.

மூக்கு இருந்திருந்தால் இங்கேயே ஒரு இழுப்பு இழுத்து, ஏதோ ஒரு இடத்தைக் காட்டி, வேலையை ஆரம்பித்திருப்பார். இல்லாததால் யோசிக்க வேண்டியிருந்தது. கால் டேங்கில் ஒழுகவில்லை. வெள்ளிக்கிழமை ஒழுகுகிறது. அப்படியென்றால் ஓட்டை உயரத்தில் இருக்கிறது. பெட்ரோல் அந்த உயரத்தைத் தொடும்போதுதான் வெளியே வருகிறது.

"மிஸ், நேரா பங்குக்குப் போங்க. ஃபுல் டேங்க் போடுங்க. வாய் வரைக்கும்."

மிஸ் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். போய் நிரப்பிக்கொண்டு வந்தார்.

பெருமாள்சாமி நாகேஷைக் கூப்பிட்டு வெல்டிங்கை நிறுத்தச் சொன்னார். மணல் வாளியை அருகில் வைத்தார். பேட்டரி வயரைக் கழற்றினார். பின் சக்கரத்தையும் கழற்றி, உள்ளே டார்ச் அடித்தார். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து ஒரு இரும்புக் குழாய் இறங்கி வந்து, ஒரு முழங்கை நீள ரப்பர் ஓஸ் வழியாக டேங்கோடு சேர்கிறது. அந்த ஓஸ் முழுக்கக் கோலமாவை அடித்துவிட்டு, ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

ஐந்து நிமிஷம். நாகேஷ் மூக்கைச் சுளித்தான். ஏழாவது நிமிஷம் வெள்ளை மாவில், ஓஸ் டேங்கைத் தொடும் இடத்தில், எறும்பு வரிசைபோல ஒரு கறுப்புக் கோடு இறங்கியது.

"மாட்டிச்சு" என்றார் பெருமாள்சாமி. விரலை விட்டுத் தடவினார். அழுக்கேறிய கட்டி ஒன்று பிசுபிசுப்பாகக் கையோடு வந்தது. தடவிப் பார்த்ததுமே என்னவென்று தெரிந்துவிட்டது. "சோப்பு. எவனோ பார் சோப்பைத் தேய்ச்சு அடைச்சிருக்கான். பெட்ரோல்ல சோப்பு கரையாது, அதனால கொஞ்ச நாள் நிக்கும். மழைத் தண்ணி பட்டுச்சு, போச்சு." கட்டியை மூக்கருகே கொண்டுபோய், பழைய பந்தாவோடு ஒரு இழுப்பு இழுத்தார். "துணி சோப்பு. மட்ட ரகம்."

ஜூலியா மிஸ் கையை நீட்டி அந்தக் கட்டியை வாங்கி, நகத்தால் அழுக்கைச் சுரண்டி, மூக்கருகே வைத்தார். பிறகு நாகேஷைப் பார்த்து, "தம்பி, முனைக்கடையில மூணு டீ சொல்லிட்டு வாங்களேன்" என்றார்.

நாகேஷ் தெருவைத் தாண்டியதும், பரீட்சை ஹாலில் பிட்டைப் பிடித்த குரலில் மிஸ் கேட்டார்.

"எப்போலேர்ந்து?"

"என்ன மிஸ்?"

"இது சந்தன சோப்பு. மூணு அடி தள்ளி நிக்கறேன், பெட்ரோல் வாசனையையும் தாண்டி எனக்கு அடிக்குது. நீங்க மூக்குல வெச்சுக்கிட்டு துணி சோப்புங்கறீங்க. எப்போலேர்ந்து?"

சக்கரம் இல்லாத காரின்மேல் கையை ஊன்றிக்கொண்டார் பெருமாள்சாமி. நான்கு வருஷம் கட்டிக் காத்தது ஒரு சோப்பில் வழுக்கிவிட்டது. மிஸ் இன்று மாலை சர்ச்சில் ஒருவரிடம் சொன்னால் போதும், நாளை காலை பிரேசர் டவுன் முழுக்கத் தெரியும், மறுநாள் ஜனங்கள் இந்தச் சந்தைக் கடந்து வேறு ஷெட்டுக்குப் போவார்கள். ஆனால் சோப்பு என்ற சொல் மண்டைக்குள் இன்னொரு பக்கமும் சுற்றிக்கொண்டிருந்தது.

"மிஸ்" என்றார் மெதுவாக. "உங்களுக்கு சந்தன சோப்புன்னு எப்படித் தெரியும்னு கேக்க மாட்டேன். வாசனை அடிச்சிருக்கும். ஆனா ஒண்ணு கேக்கறேன். வீட்டுப் பக்கம் லீக் ஆகியிருந்தா நேரா இங்க வந்திருப்பீங்க. சோப்பு தேய்க்கறது ஹைவே பஞ்சர் கடைக்காரன் வேலை. அவன்கிட்ட இருக்கறது துணி சோப்பு. சந்தன சோப்பு வண்டியில இருந்தவங்க பையிலேர்ந்துதான் வந்திருக்கணும்."

மிஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"சர்ச்சுக்கும் மார்க்கெட்டுக்கும் யாரும் டேங்கை வாய் வரைக்கும் நிரப்ப மாட்டாங்க. நீங்க வியாழக்கிழமை வியாழக்கிழமை நிரப்பறீங்க. ஞாயித்துக்கிழமை கால் டேங்க்தான் இருக்கு. எங்க மிஸ் போறீங்க?"

தெருவில் ஒரு தண்ணீர் லாரி பின்பக்கமாக வந்து, முன்பக்கமாகப் போனது. அது போனதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது மிஸ்தான்.

"தங்கவயலுக்கு. நாங்க நாலு பேர், ஒண்ணாப் படிச்சவங்க. வெள்ளிக்கிழமை ரம்மி. ஒருத்திக்குப் பிறந்தநாள்னு சோப்பு டப்பா வாங்கிட்டுப் போனேன், ஓல்டு மெட்ராஸ் ரோட்டுல ஹொஸ்கோட்டைக்கிட்ட சொட்டுச்சு. அங்க இருந்த பஞ்சர் கடை ஆள் சோப்பு குடுங்கன்னான். ஜெனிஃபருக்கு நான் தெருமுனையைத் தாண்டக் கூடாது. தெரிஞ்சா சனிக்கிழமை வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டா."

"ஜெயிப்பீங்களா மிஸ்?"

"கணக்கு டீச்சர்கிட்ட கேக்கற கேள்வியா இது?"

டீ வந்தபோது ஒப்பந்தம் முடிந்திருந்தது. யாரும் கையெழுத்துப் போடவில்லை. சனிக்கிழமை ஜெனிஃபர் முன்னால் பெருமாள்சாமி முகரும்போது மிஸ் எதிரே நிற்பார். கர்ச்சீப் கையில் இருந்தால் வாசனை இல்லை. கண்ணாடியைக் கழற்றினால் இருக்கிறது.

மிச்ச வேலைக்கு மூக்கு தேவைப்படவில்லை. டேங்கிலிருந்து பெட்ரோலை இறைத்து கேனில் பிடித்தார். ஓஸைக் கழற்றிக் கையில் வளைத்தபோது உட்பக்கம் வறண்ட ஏரிபோல வெடித்திருந்தது. ஜே.சி. ரோட்டில் இரண்டு நாள் அலைந்தார். முதல் கடைக்காரர் ரேடியேட்டர் ஓஸைக் கொடுத்து, "எல்லாம் ரப்பர்தானே" என்றார். தண்ணீர் ஓஸில் பெட்ரோல் ஊற்றினால் ஆறு மாதத்தில் கொழகொழவென்று ஆகிவிடும் என்று அவருக்கும் தெரியும். நான்காவது கடையில், பரண்மேல், அந்த வளைவிலேயே ஒரு பழைய சரக்கு இருந்தது, பெட்ரோலுக்கென்றே செய்தது. வளைத்து, நகத்தால் கீறி, வெடிப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டு வாங்கினார். இரும்புக் குழாயின் முனையில் இருந்த துருவைத் தேய்த்து எடுத்தார். புது கிளாம்ப் இரண்டு, பக்கத்தில் இருந்த சின்னக் காற்றுக் குழாய்க்கும் இரண்டு. ரொம்ப முறுக்கவில்லை, முறுக்கினால் புது ரப்பரையும் அதுவே வெட்டிவிடும்.

வெள்ளிக்கிழமை டேங்கை மறுபடி வாய் வரை நிரப்பி, கோலமாவு தூவினார். ஒரு மணி நேரம் வெள்ளை. இரண்டு மணி நேரம் வெள்ளை. சாயங்காலம் வரை வெள்ளை. அந்த வாரம் தங்கவயலில் ரம்மிக்கு ஒரு கை குறைந்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஜெனிஃபர் வந்தாள். சின்ன வயதில் மிஸ் எப்படி இருந்திருப்பார் என்று பார்த்தால் தெரிந்தது. அதே நேர் வகிடு, அதே சந்தேகம்.

"அங்கிள், அம்மா எது சொன்னாலும் வண்டிக்காகத்தான் பேசுவாங்க. நீங்க முகர்ந்து சொல்லுங்க. உங்க வாயால கேட்டாதான் எனக்கு நிம்மதி."

"தாராளமா" என்றார் பெருமாள்சாமி. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாடப் போகிறவர்போல ஒருமுறை செருமினார். பின் சக்கரத்தருகே முட்டிபோட்டு, கண்ணை மூடி, நெஞ்சு விரிய இழுத்தார். ஒன்றும் இல்லை. நான்கு வருஷமாக இருக்கிற அதே ஒன்றுமில்லை. நிம்மதியாகக் கண்ணைத் திறந்து மிஸ்ஸைப் பார்த்தார்.

மிஸ் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

பெருமாள்சாமி மறுபடி பார்த்தார். கண்ணாடி கையில்தான் இருந்தது. மிஸ்ஸின் முகம் வெளிறியிருந்தது. ஜெனிஃபரின் மூக்கும் லேசாகச் சுருங்கியது. அவள் வாயைத் திறப்பதற்குள் ஏதாவது சொல்ல வேண்டும். இல்லை என்றால் மூக்கு போனது தெரிந்துவிடும். இருக்கிறது என்றால் வண்டி போய்விடும்.

கையை உள்ளே விட்டு ஓஸின் அடியைத் தடவினார். காய்ந்த மாவு. விரலில் வெள்ளைதான் வந்தது. அவர் கண் பொய் சொல்லவில்லை, மிஸ்ஸின் மூக்கும் பொய் சொல்லாது. அப்படியென்றால் வாசனை வேறு எங்கிருந்தோ வருகிறது. எழுகிற சாக்கில் சுற்றிலும் ஒரு பார்வை ஓட்டினார்.

ஷெட் வாசலில் நாகேஷ் நின்றிருந்தான். எப்போதும் தன் ஷெட்டுக்குள் மூலையில் உட்கார்ந்து பெயிண்ட் கலக்குகிறவன், இன்று வெயிலில் நடுத்தெருவில் நின்று, தின்னர் டப்பாவை நெஞ்சு உயரத்தில், பரிசுக் கோப்பை வாங்கினவன்போலப் பிடித்துக்கொண்டு, குச்சியால் நிதானமாகக் கலக்கிக்கொண்டிருந்தான்.

பெருமாள்சாமி முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"வாசனை இருக்கு" என்றார். ஜெனிஃபர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "ஆனா இது பெட்ரோல் இல்லம்மா. பெட்ரோல்னா அடித்தொண்டையில உக்காரும். இது நெத்தியில ஏறுது பாருங்க. தின்னர். நாகேஷு, அந்த டப்பாவை மூடிக்கிட்டு அந்தாண்ட போ. இங்க முக்கியமான வேலை நடக்குது."

"ஸாரி குரு" என்று நாகேஷ் மூடியை அழுத்தினான்.

அவன் போய் இரண்டு நிமிஷம் ஆனதும் ஜெனிஃபர் குனிந்து தானே முகர்ந்தாள். இன்னொரு முறை முகர்ந்தாள். "நெஜமாவே இல்ல" என்றாள். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. மிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்பிய ஜெனிஃபர் முள்ளைப் பார்த்தாள். "ஏம்மா, ஃபுல் டேங்க் இருக்கு? சர்ச்சுக்குப் போறதுக்கா?"

மிஸ் வானத்தைப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் மற்றவர்களைக் கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லும் பழக்கம் இல்லை.

"நான்தான் நிரப்பினேன்" என்றார் பெருமாள்சாமி. "டெஸ்டுக்கு. இன்னொரு விஷயம், சொல்ல மறந்துட்டேன். இது புது ரப்பர். பழைய வண்டி. ஒரே இடத்துல நின்னா காஞ்சு மறுபடி வெடிச்சுடும். வாரம் ஒரு தடவை டேங்கை முழுக்க நிரப்பி நீளமா ஓட்டணும். போக நூறு, வர நூறு கிலோமீட்டர்."

"இந்த டிராஃபிக்லயா?"

"ஹைவேயில. ஓல்டு மெட்ராஸ் ரோடு பக்கம்னா ரப்பருக்கு நல்லது. வெள்ளிக்கிழமை ரோடு காலியா இருக்கும்."

ஜெனிஃபர் அம்மாவைக் கவலையோடு பார்த்தாள். "உன்னால முடியுமாம்மா?"

ஜூலியா மிஸ் ஒரு பெருமூச்சு விட்டார். "கஷ்டம்தான். என்ன பண்றது, பழகிக்கறேன்."

கார் சந்து திரும்பும்வரை பெருமாள்சாமி கையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். நாகேஷ் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரே குந்தினான்.

"ஏன்டா, வேற நேரமே கிடைக்கலையா உனக்கு? அந்தப் பொண்ணு நிக்கறப்போதான் தின்னரைத் திறப்பியா?"

"சும்மா ஒரு டெஸ்ட் குரு. நீயும்தானே டெஸ்ட் பண்ற." நாகேஷ் பல்லைக் காட்டினான். "ஆனா டப்பாவை உன் கண்ணுல படற மாதிரி தூக்கிப் பிடிச்சேன் இல்ல? கை வலிச்சுப்போச்சு."

பெருமாள்சாமி அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"ரெண்டு வருஷமா. கருவாடுன்னா நாலு வீடு தள்ளி ஓடற ஆளு நீ. ஒருநாள் மத்தியானம் என் பக்கத்துல உக்காந்து அந்த டப்பாவைத் திறந்த. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. நீ பாட்டுக்கு தயிர்சாதம் சாப்பிடற மாதிரி சாப்பிட்ட."

"யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்ட சொல்றது? நீ கடையை மூடினா எனக்கு யாரு வண்டி அனுப்புவா? உன்கிட்ட இன்ஜின் பாக்க வர்றவன்தான் எனக்கு டோர் தட்டக் குடுக்கறான்." நாகேஷ் எழுந்தான். "அதுவும் இல்லாம, நல்லாப் பொழுது போச்சு. நான் மூஞ்சைச் சுளிச்சா நீ ஓடி ஓடி எல்லா வண்டிக்கும் கீழ குனிவ பாரு."

பெருமாள்சாமிக்கு அந்த இரண்டு வருஷமும் வரிசையாகக் கண்முன் ஓடியது. குனிந்த வண்டிகள். ஒன்றும் இல்லாமல் நிமிர்ந்த வண்டிகள்.

"டேய். அப்போ நீ சுளிச்சதெல்லாம் பொய்யா?"

"சேச்சே. பாதி நெஜம்."

"எந்தப் பாதி?"

நாகேஷ் தன் ஷெட்டுக்குள் போனான். உள்ளேயிருந்து சீட்டி அடிக்கிற சத்தம் வந்தது. ஓரமாக, மத்தியானம் எடுப்பதாகச் சொல்லிவிட்டு யாரோ விட்டுப்போன ஸ்கூட்டர் நின்றிருந்தது. சீட்டியை நிறுத்திவிட்டு நாகேஷ் வெளியே தலையை நீட்டினான். ஸ்கூட்டரைப் பார்த்தான். மூக்கைச் சுளித்தான்.

பெருமாள்சாமி கெட்ட வார்த்தை ஒன்றை மென்று முழுங்கிவிட்டு, கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டர் பக்கம் நடந்தார்.